சத்தம் போடும் தாயத்து

"வர்றா பாரு, மணி கட்டின ஆடு" என்றாள் மீனா. கூடாரத்து நிழலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

கொல்லன் மனைவி ரைஷா, முக்காட்டு நுனியில் வெள்ளித் தாயத்தைத் தொங்கவிட்டிருந்தாள். அதைச் சுற்றி அவள் கணவன் சலங்கைகள் கோத்திருந்தான். அவள் நடந்தால் எல்லாக் கூடாரங்களுக்கும் கேட்கும்.

"பாலைவனப் பேய் கிட்ட வராதும்மா" என்றாள் ரைஷா.

"உன் மூஞ்சியப் பார்த்தாலே அது அகாடெஸ் பட்டணம் வரைக்கும் ஓடிடுமே. வெள்ளி எதுக்கு?"

"ஓடுற பேய் உங்க கூடாரத்துக்கு வந்துட்டா?"

மீனாவுக்குச் சுருக்கென்றது. "வாய்க்குக் குறைச்சலில்ல. எங்க அக்கா பெரிய வீட்டுப் பொம்பளை. தினமும் கிணத்துக்கு உன் பின்னாடி நடந்து வர்றா. அதுல வந்த திமிரு. கழட்டு அதை. இல்லேன்னா நாளைக்கு உங்க கூடாரம் இங்க இருக்காது."

ரைஷா மீனாவின் அக்கா தகியாவைப் பார்த்தாள். தகியா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ரைஷா தாயத்தை அவிழ்த்து மீனாவின் மடியில் வைத்தாள். தண்ணீர்த் தோல்பையை எடுத்துக்கொண்டு தகியாவின் எதிரில் வந்து நின்றாள்.

தகியா எழுந்து ஓர் அடி வைத்தாள். பிறகு கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள்.

"ரைஷா, எங்கம்மா நிக்கிற?"

ரைஷா அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். "இங்கதான் இருக்கேன் அக்கா."

அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது.

யாரும் சிரிக்கவில்லை. தன் கண் மங்கிப்போனதைத் தகியா தங்கையிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மீனா எழுந்து வந்து, "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்தபடி, தாயத்தை ரைஷாவின் முக்காட்டில் தன் கையாலேயே கட்டினாள். கட்டிய பிறகு ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், நன்றாகக் கேட்கிறதா என்று.