நனைந்த மருந்து

முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே கறுத்துக் கிடந்தது. இத்தனை நாளும் மண்டையைப் பிளந்த வெயில், ஒரு டீ குடித்து வருவதற்குள் எங்கே போய்த் தொலைந்ததோ!

அடுத்த துளிகள் பெரிது பெரிதாக விழுந்தன.

"மழ வந்திருச்சு! எடுங்கடீ, எடுங்க!"

பட்டாசு ஆலையின் களத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஓடினார்கள். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிக்குள் வைக்கும் மணிமருந்து, தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார்கள். வீட்டு மொட்டைமாடியில் வடகத்தை அள்ளுகிற அதே வேகம்.

நனைந்த மருந்தை மழையிலேயே விட்டுவிட வேண்டும். அறைக்குள் கொண்டுபோகவே கூடாது; ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறி வெடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வந்தது? கை தன் பாட்டுக்கு அள்ளிவிட்டது.

அவளும் கடைசியாக ஒரு தட்டைத் தூக்கினாள்.

மழை பிடித்துக்கொண்டது. முதுகு சில்லிட்டது. அப்பாடா என்றிருந்தது.

தட்டின் அடிப்பக்கம் மட்டும் கையைச் சுட்டது.

வெயிலில் கிடந்த சூடு என்று நினைத்து நாலு எட்டு வைத்தாள். சூடு ஏறிக்கொண்டே வந்தது.

தட்டை மெல்ல மழையிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். அறைக்குள்ளே அவள் மதினி சந்தனமாரி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, வெளிய வாங்க! மருந்து சூடேறுது!"

"இரு புள்ள, இதொண்ண வச்சிட்டு வாரேன்."

மதினியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். ஓடிய ஓட்டம் வேலியோர வேப்பமரத்தடியில்தான் நின்றது. மற்றவர்களும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

மழை பட்டென்று நின்றது.

வெயில் சுள்ளென்று அடித்தது.

ஒன்றும் நடக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். மதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாப் பயங்காட்டுன, போ."

போர்மேன் குருவையா வந்தான். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். மதினியின் புருஷன்.

"என்ன, இங்க நின்னு தேரா பாக்கீங்க? அதான் வெயில் வந்திருச்சுல்ல, எல்லாத்தையும் எடுத்து வெளிய வைங்க."

யாரும் அசையவில்லை.

"போகாதண்ணே. நனைஞ்சத உள்ள வச்சிட்டோம். சுடுது, நான் தொட்டுப் பாத்தேன்."

"காலையில இருந்து வெயில்ல கெடந்தது சுடாம, குளிரவா செய்யும்?"

அவன் அறையைப் பார்த்து நடந்தான். அவள் தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினான்.

வாசற்படியில் ஏறினான். முன்னால் இருந்த தட்டில் உள்ளங்கையை வைத்தான்.

வெடுக்கென்று எடுத்தான்.

திரும்பினான். களத்தின் அந்தக் கோடியிலிருந்து அவர்களைப் பார்த்தான்.

அவள் மதினியின் தலையை இழுத்து, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.