காலியில்லாத இருக்கைகள்

மொன்றியலில் இதுதான் கடைசி பேஸ்பால் ஆட்டம். அடுத்த வருடம் அணி வாஷிங்டனுக்குப் போகிறது. அரங்கில் முப்பதாயிரம் பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பார்க்க றெக்ஸுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பத்து வருடம் வலதுபக்க எல்லையில் விழுந்து புரண்டு பந்து பிடித்த நவாரோ, முழங்காலில் கட்டோடு மட்டை பிடிக்க நொண்டி வருகிறான். மூவாயிரம் பேர்கூட வராத நாட்களில், அவன் வரும்போதெல்லாம் றெக்ஸும் சவிரிமுத்து அண்ணையும் பக்கத்துக் காலி மடக்கு இருக்கைகளைத் தூக்கித் தூக்கி அடிப்பார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் இடியாய் முழங்கும். அவன் பதிலுக்குத் தலைக்கவசத்தைத் தொடுவான். இன்று அடிப்பதற்கு ஓர் இருக்கைகூடக் காலியில்லை. நவாரோ இந்தப் பக்கம் பார்க்கிறான், காத்திருக்கிறான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

"இவ்வளவு நாளும் எங்க கிடந்தவங்கள், அண்ணை?"

"செத்தவீட்டுக்குச் சனம் வரும்தானேடா," என்கிறார் சவிரிமுத்து.

முன்வரிசையில் ஒருவன் விலைச்சீட்டுக் கழற்றாத தொப்பியோடு படம் பிடிக்கிறான். றெக்ஸ் எழும்புகிறான். "எழும்புங்கோ, அண்ணை."

"என்ர இடுப்பு..."

"இடுப்பைப் பேந்து பாப்பம்."

இரண்டு இருக்கைகள் காலியாகின்றன. றெக்ஸ் இரண்டையும் தூக்கி அடிக்கிறான். மறைக்கிறது, உட்கார் என்று பின்னாலிருந்து பிரெஞ்சில் கத்துகிறார்கள். அவன் திரும்பவில்லை. உள்ளங்கை சிவக்க அடிக்கிறான். கீழே நவாரோ மட்டையை இறக்கி, தலைக்கவசத்தைத் தொடுகிறான். இப்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் கேட்காதபடி றெக்ஸ் இன்னும் பலமாக அடிக்கிறான்.