பச்சைப் பொட்டு

மாலை வெயில் சரிவில் சாய்ந்து கிடக்கிறது. கொழுந்தன் இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிப் பிடித்திருக்க, அவள் மண்டியிட்டுக் குனிகிறாள். ஈர மண்ணில், வளையின் வாயில், கருத்த நட்டுவாக்காலித் தேள் ஒன்று கொடுக்கை மடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது. முதுகு முழுக்க வெள்ளைக் குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு குட்டி நகர்கிறது. அது விட்ட இடத்தில் கடுகளவு பச்சை தெரிகிறது. தேள்களைக் கணக்கெடுத்துவந்த அவள் கணவன் அடையாளத்துக்காக வைத்த நெயில் பாலிஷ். அவளுடைய பாட்டிலிலிருந்து எடுத்தது. “பொண்டாட்டி விரலுக்குப் பூசாத மனுஷன் தேளுக்குப் பூசுறாரு” என்று அன்று சிரித்தவள் அவள்தான். அவன் இறந்து மூன்று வருடமாகிறது. வளர்ந்த தேள் சட்டை உரிப்பதில்லை. அதனால்தான் பொட்டு இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் தேய்ந்து. “அண்ணன் வெச்சதா அண்ணி?” “ம்.” “மங்கிடுச்சே. மேல சிவப்பு வெச்சிடுங்க.” மங்கிய குறியின்மேல் புதுச் சாயம் வைக்க வேண்டும், கணவனே போட்ட விதி அது. பாட்டிலைத் திறக்கிறாள். தூரிகை நுனியில் சிவப்பு திரண்டு தொங்குகிறது. மறுபடி மூடுகிறாள். “கை வலிக்குது அண்ணி. குட்டிங்களும் வெயில்ல காஞ்சிடும்.” “ஒரு நிமிஷம்ப்பா.” நகர்ந்த குட்டி திரும்பி வந்து பச்சையின்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. கல் தன் பழைய பள்ளத்தில் அப்படியே உட்காருகிறது. மடியிலிருக்கும் நோட்டில் அவள் நிதானமாக எழுதுகிறாள்: குறி தெளிவாக இருக்கிறது.