ஒட்டுவாரொட்டி

“இந்தக் குழந்தை இங்கே இருந்தா என் பையன் இங்கே இருக்க மாட்டான். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!”

வங்கி அதிகாரி குழந்தைகள் காப்பகத்துக்குள் நுழையும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள்.

ஆயா தன் கைக்குழந்தையை மடியில் போட்டு, சொறிந்துகொள்ளாமலிருக்க அதன் கைகளுக்குத் துணியுறை மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கன்னமெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

“டாக்டர் பார்த்தாச்சுங்க. அலர்ஜிதான். ஒட்டுவாரொட்டி இல்லை” என்றாள் காப்பகப் பொறுப்பாளர்.

“பால் மணம் மாறலை, அதுக்குள்ள என்ன அலர்ஜி?”

“வயித்துல இருக்கும்போது தாய்க்குத் தொற்று வந்தா, சில குழந்தைங்களுக்கு அலர்ஜி வர வாய்ப்பு கூடலாமாம். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னும் சொன்னார். இவ ஏழாம் மாசத்துல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாளே!”

அதிகாரிக்குப் பிடி கிடைத்துவிட்டது. கடன் மனுக்களில் ஓட்டை தேடிப் பழகிய கண்.

“அப்படிச் சொல்லுங்க! தன் வயித்துப் பிள்ளையையே காப்பாத்தத் துப்பில்லாதவ, ஊரான் பிள்ளையை எந்த லட்சணத்துல பார்த்துப்பா? இவளை நிறுத்துங்க. இல்லேன்னா மத்த அம்மாக்களையும் கூட்டிக்கிட்டு வருவேன்.”

ஆயாவின் கை நின்றது. “இந்த வேலையை விட்டா எங்களுக்கு வேற போக்கில்லம்மா.”

“அதை அப்பவே யோசிச்சிருக்கணும். எங்கே ஊர் சுத்தி வாங்கிட்டு வந்தே அந்தக் காய்ச்சலை?”

பொறுப்பாளருக்குப் பொறுக்கவில்லை.

“எங்கேயும் சுத்தலைங்க. இங்கேதான். அப்போ ஒருநாள் மத்தியானம் ஒரு குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்ல நான் போனை எடுத்தேன். இவதான் தடுத்து, சாயங்காலம் வரைக்கும் அதைத் தோள்லயே போட்டுக்கிட்டா. அடுத்த வாரமே படுத்துட்டா.”

“நோயாளிக் குழந்தையை இங்கே தள்ளிட்டுப் போனவ எவ? அவளும் ஒரு தாயா? யாருன்னு சொல்லுங்க, நடுத்தெருவுல நிக்கவெச்சு நான் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்!”

பொறுப்பாளர் வாயைத் திறந்தாள். ஆயா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

“விடுங்கம்மா. பதவி உயர்வு கிடைச்சு நீங்க பொறுப்பேத்துக்கிட்ட நாள் அது. லீவு கேட்டாத் தருவானா உங்க மேலதிகாரி? பையனுக்குக் காலையில மருந்து குடுத்து, காய்ச்சலை அமுக்கி, இங்கே விட்டுட்டுப் போகாம நீங்கதான் வேற என்ன செய்வீங்க?”