மாற்றல் உத்தரவு

ஏரிக்கரை விலங்குகளுக்கு ஆமைதான் நீதிபதி. ஏரியில் இறங்க இருந்த ஒரே துறையைப் புலிராஜா தனக்கென்று வளைத்துப் போட்டுவிட, தாகத்தில் தவித்த மான்கள் ஆமையிடம் வழக்குக் கொண்டுவந்தன.

தீர்ப்புக்கு முதல் நாள் ராஜாவின் நரி வந்து குழைந்து நின்றது.

“ஐயா, நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்க. போன நீதிபதி முயலார் முரண்டு பிடிச்சார். ஒரே உத்தரவுல முள்ளுக்காட்டுக்கு மாத்திட்டாங்க. ஆசையாத் தோண்டின வளையை விட்டுட்டு அழுதுகிட்டே போனார்.”

ஆமைக்கும் இந்த ஏரி உயிர். அல்லித்தண்டுகளின் குளிர்ச்சியை விட்டுப் போக மனம் வரவில்லை. ஆனால் மான்குட்டிகளின் வறண்ட நாக்கு கண்ணைவிட்டுப் போகவில்லை. மறுநாள், “துறை எல்லோருக்கும் பொது” என்று தீர்ப்புச் சொன்னது.

மான்கள் முட்டி மோதிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே நரி உத்தரவோடு ஓடி வந்தது.

“சொன்னேனே, கேட்டீங்களா? முள்ளுக்காடுதான். சாமான் கட்ட ஆள் அனுப்பட்டுமா?”

“என்னத்தைக் கட்டுறது? வீடு முதுகிலேயே இருக்கே” என்று ஆமை நடக்கத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது.

“ஏன்ப்பா, அங்கேயும் உங்க ராஜா மேல வழக்கு ஏதாவது நிலுவையில இருக்கா?”