கொட்டாவி விட்ட கரடி

“கரடி கொட்டாவி விட்டுச்சாம்” என்று சொல்லும்போதே சாலிஹாவுக்கும் கொட்டாவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். மடியில் கிடந்த மகள் மலிகா உம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கொழும்பில் கடை வைத்திருக்கும் மலிகாவின் வாப்பா, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பிய படப் புத்தகம் அது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அது தெரியாததால் படத்தைப் பார்த்துக் கதையைச் சாலிஹாவே கட்டினாள். காட்டில் ஒரு தூங்குமூஞ்சிக் கரடி. மரங்கொத்தி வந்து மண்டையில் தட்டும், குரங்கு வந்து காதைத் திருகும், யானை தண்ணீரைக் கொட்டும். கரடி புரண்டு படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

“அது நோம்பு புடிச்சிருக்கா உம்மா? அதான் பகல்ல தூங்குதா?” என்று கேட்டாள் மலிகா.

வேறு நாளாக இருந்தால் சாலிஹா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டாள். “நீ கண்ண மூடாதம்மா. முளிச்சிக்கிட்டே இரு” என்றாள்.

மலிகாவின் கெண்டைக்காலில் கிழிந்த துணி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு, அடுப்பெரிக்கக் கொல்லையில் கிடந்த பனையோலைக் குவியலில் சாலிஹா கைவிட்டு உருவியபோது, பக்கத்தில் நின்ற மகள் வீறிட்டாள். கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட கட்டுவிரியன் ஒன்று அவள் காலை ஒட்டி ஓடியது. கணுக்காலில் ரத்தம்.

பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவளுக்குத் தன் விரலை ஓலைக் கருக்கு கீறியதைப் பார்க்கக்கூட நேரமில்லை. பனையோலை உருவுகிற கைக்கு அது தினப்படி நடப்பதுதான்.

பக்கத்து வீட்டு வாவு முகம்மது சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாயல்குடிப் பக்கம் இருக்கும் விஷக்கடி வைத்தியர் கூத்தையாவைக் கூட்டிவரப் போனார். அவர் வரும்வரை பிள்ளையைத் தூங்க மட்டும் விட்டுவிடக் கூடாது, தூங்கினால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தூங்கவைக்கிற கதையைச் சொல்லிப் பிள்ளையைத் தூங்கவிடாமல் வைக்க வேண்டும். இப்படியொரு நிலைமையை அல்லா எந்தத் தாய்க்கும் கொடுக்கக் கூடாது. ஆனால் மலிகா அழுகையை நிறுத்தியதே இந்தக் கரடியைப் பார்த்துத்தான். வாசலில் கூடிய பெண்கள் யாசீன் ஓதினார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

புத்தகத்தில் இருந்த மிருகங்கள் தீர்ந்துபோயின. சாலிஹா கடலிலிருந்து ஒரு நண்டைக் கொண்டுவந்து கரடியின் காலைக் கடிக்கவிட்டாள். காட்டில் ஏது நண்டு என்று மலிகா கேட்டாள். கேட்டுவிட்டு அழுத களைப்பில் கண் சொக்கினாள். சாலிஹா பதறிப்போய் அவள் கன்னத்தைத் தட்டி, முதல் பக்கத்துக்கே திரும்பினாள்.

பொழுது சாயச் சாய அவளுடைய இமையும் இறங்கியது. பெற்ற பிள்ளை சாகக் கிடக்கும்போது தூக்கம் வருகிறதே, நானும் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

“பாரு, ரெண்டு கரடியும் பொரண்டு படுத்துச்சாம்.”

“ஒரு கரடிதான உம்மா இருக்கு.”

அழுத கண்ணுக்கும் சிம்னி விளக்குக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். மலிகா எழுந்து உட்கார்ந்து, உம்மாவின் இமைகளை விரலால் தூக்கிவிட்டாள். விட்டதும் அவை மறுபடி விழுந்தன. அதில் அவளுக்கு ஒரே குஷி. “ஒனக்கும் கரடிக் கண்ணு வந்துருச்சு” என்று கை கொட்டினாள். உம்மாவின் பேச்சுக் குழறியதையும், கரடி மாதிரி பேசிக் காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டாள்.

மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்போது கூத்தையா சைக்கிளிலிருந்து இறங்கினார். விளக்கைத் தாழ்த்திப் பிள்ளையின் காலைப் பார்த்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து மிளகு எடுத்தார். விஷம் ஏறிய ஆளுக்கு மிளகு உறைக்காது. அந்தப் பக்கத்தில் விஷக்கடிக்கு அதுதான் சோதனை. மலிகாவின் வாயில் போட்டு மென்று பார்க்கச் சொன்னார். சாலிஹாவுக்கு மூச்சுவிடவே முடியவில்லை.

மலிகா மென்றாள். மென்றதைத் துப்பிவிட்டு, “ஒறைக்குது, ஒறைக்குது” என்று வீட்டையே இரண்டாக்கினாள்.

கூத்தையா சிரித்துக்கொண்டே கால்கட்டை அவிழ்த்தார். “பயப்படாத தாயி. புள்ளயப் பாம்பு தொடவே இல்ல. ஓலைக் கருக்குதான் கீறியிருக்கு.”

வாசலில் பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். வாவு முகம்மது அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சாலிஹாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. இந்தக் கழுதை வெறும் பருப்புச் சோற்றுக்கே உறைக்கிறது என்று ஊரைக் கூட்டுகிறவள். அவள் பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிட முடியுமா? வைத்தியரின் பொட்டலத்தில் கைவிட்டு, வந்த மிளகையெல்லாம் அள்ளித் தன் வாயில் போட்டு மென்றாள். நம்ப முடியாமல் இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டு மென்றாள்.

“வைத்தியரே, இந்த மொளகு ஒறைக்கவே இல்லையே.”