ஒரே உதை

"இது சண்டையே இல்ல மிஹோ! குனிஞ்சுக்கிட்டு ஒரு உதை. திரும்பத் திரும்ப அதே உதை!"

திரையில் முராசேயின் வீரன் மூன்றாவது முறையாக மல்லாந்து கிடந்தான். ஓசாகாவின் அந்த வீடியோ விளையாட்டுக் கடையில் இயந்திரங்கள் முதுகோடு முதுகாக நின்றன. எதிரில் ஆடுகிறவரின் பழுப்பு ஷூ மட்டும் கீழே தெரிந்தது.

"மன்னிக்கணும்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"பார்த்தியா, நக்கல் வேற!"

அவன் மனைவி மிஹோ மெலன் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "அப்போ ஞாயித்துக்கிழமை எங்க அப்பா வீடு. இன்னிக்கு இங்க யார்கிட்டயாவது தோத்தா நகோயா போட்டிக்குப் போகலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நியாயமா தோத்தாத்தான்! அந்த உதைக்குப் பலம் ரொம்ப அதிகம். அதைத் தடை பண்ணணும்னு ஊரே கத்துது."

"உங்க ஆளுக்கும் அதே உதை உண்டே?"

"உண்டு. ஆனா மானம்னு ஒண்ணு இருக்கு. நான் அதைத் தொடமாட்டேன்."

"தொட்டா மானம் போயிடும். மூணு தடவை மல்லாந்தா போகாது."

முராசேக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் ஓனுகியைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

"ஓனுகி சான், நீங்களே சொல்லுங்க. ஒரே உதையை வெச்சுக்கிட்டு ஜெயிக்கறது நியாயமா?"

"ஒரே உதையா?" ஓனுகியின் நெற்றி சுருங்கியது. "வேற எதுவுமே பண்ணலையா?"

"ஒரு குத்துகூட விடலை."

"உங்களுக்கு அநியாயம் நடந்துச்சுன்னு அவர் சொல்லட்டும்" என்றாள் மிஹோ. "நீங்க நகோயா போங்க. நான் வாயே திறக்கலை."

ஓனுகி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பொத்தான்களைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"நியாயமே இல்ல, முராசே சான். தப்பு கடைமேலதான். காசைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"கேட்டியா மிஹோ!" முராசே கெத்தாகக் கையை நீட்டினான்.

நூறு யென் நாணயத்தோடு ஓனுகி அந்தக் கையைத் தாண்டிப் போய், பழுப்பு ஷூவுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார்.

"உங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்துபோச்சு, சார். இந்தப் பக்கம் ஆளை நகர்த்துற குச்சி கீழ்ப்பக்கமே சிக்கிக்கிச்சு. உதைக்கிற பொத்தான் ஒண்ணைத் தவிர எதுவுமே வேலை செய்யலை."

நீட்டியபடியே நின்ற கையில் மிஹோ பன்னின் கடைசித் துண்டை வைத்தாள். "அப்பாவுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?"